எண்ணும் நோயும் – 14: சுட்ட பிறகு வரைந்த வட்டம்

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வீட்டுவேலை. தரையில் சாக்பீஸால் நீளவாக்கில் பத்து, அகலவாக்கில் பத்து என்று நூறு கட்டம் போடுங்கள். நூறு உளுந்தை எண்ணி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, எல்லாப் பக்கமும் பரவும்படி வீசுங்கள். வெளியே உருண்டு ஓடியதைப் பொறுக்கி மறுபடி வீசலாம், தப்பில்லை. பிறகு குனிந்து எண்ணுங்கள்.

கட்டத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஏறத்தாழ 37 கட்டம் காலியாகக் கிடக்கும். இன்னொரு 37-ல் ஒன்று இருக்கும். 18-ல் இரண்டு, ஆறில் மூன்று. மீதி ஒன்றிரண்டு கட்டத்தில் நான்கோ ஐந்தோ குவிந்திருக்கும். யாரும் கொண்டுபோய்க் குவிக்கவில்லை. தற்செயல் என்பது கல்யாணப் பந்தியில் அவசரமாக வடை போட்டுக்கொண்டு போகிற ஆளைப் போல. ஓர் இலையில் மூன்று விழும், அடுத்த இலை வெறுமையாக இருக்கும். அவருக்கு யார் மேலும் பகை கிடையாது. இந்தக் கணக்குக்கான சூத்திரத்தை பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் 1837-லேயே எழுதி வைத்துவிட்டார்.

உளுந்தின் இடத்தில் இப்போது நோயுற்ற குழந்தையை வையுங்கள். நான்கு உளுந்து விழுந்த கட்டம் ஒரு தெரு. அந்தத் தெருவில் குடியிருக்கும் தாய் என்ன கேட்பாள்? தண்ணீரா, காற்றா, பக்கத்து ஆலையா என்றுதான் கேட்பாள். அவளிடம் போய் புவாசோன் சூத்திரத்தைச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது, ஏனென்றால் சில சமயம் உண்மையிலேயே யாரோ கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். தானாக விழுந்ததையும் கொட்டப்பட்டதையும் பிரித்துச் சொல்வது எப்படி என்று புள்ளியியலாளர்கள் அறுபது ஆண்டாக மண்டையை உடைத்துக்கொண்ட கதைதான் இந்த அத்தியாயம். ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கதையின் முக்கியக் காட்சிகள் எல்லாம் ஒரே மூலையில், இங்கிலாந்தின் வடகோடியில் நடந்தன.

நோயாளிகள் ஓரிடத்தில் குவிந்து தெரிவதற்கு 'கிளஸ்டர்' என்று பெயர். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பரவியபோது 'கோயம்பேடு கிளஸ்டர்' என்று படித்துப் படித்து நமக்கு இந்தச் சொல் பழகிவிட்டது. நான் கொத்து என்று எழுதுகிறேன். கொரோனாக் கொத்தில் கிருமி தெரியும், சோதனை உண்டு, யாரிடமிருந்து யாருக்கு என்று பின்தொடர்ந்து போகலாம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் இந்த வசதி எதுவும் கிடையாது. 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு நாலைந்து பேருக்கு வருகிற நோய் அது. காரணம் பெரும்பாலும் தெரியாது. இத்தனை அரிதான நோயில் கொத்து என்றால் மூன்று குழந்தைகள், நான்கு குழந்தைகள். அவ்வளவு சின்ன எண்ணை வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

*

முதல் காட்சி 1964. ஜார்ஜ் நாக்ஸ் என்ற மருத்துவர், நார்தம்பர்லாந்து, டர்ஹம் என்ற இரண்டு வடகிழக்கு மாவட்டங்களில் 1951 முதல் 1960 வரை ரத்தப் புற்றுநோய் கண்ட 96 சிறு குழந்தைகளின் விவரங்களை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த நோய் ஒருவேளை தொற்றுநோயைப் போல நடந்துகொள்கிறதா என்பது அவருடைய கேள்வி. தொற்று என்றால், வீட்டால் பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் நோய் தொடங்கிய நாளாலும் பக்கத்தில் இருப்பார்கள். அம்மை வந்த தெருவில் இதைத்தானே பார்க்கிறோம்?

நாக்ஸ் செய்த வேலையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாமே செய்யலாம். 96 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 4,560 ஜோடிகள் வரும். ஒவ்வொரு ஜோடியிடமும் இரண்டே கேள்வி. இரண்டு வீடுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கி.மீ.க்குள் இருக்குமா? நோய் தொடங்கியது 60 நாள் இடைவெளிக்குள்ளா? இடத்தால் நெருங்கிய ஜோடிகள் 25. காலத்தால் நெருங்கியவை 152. இடத்துக்கும் காலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையென்றால், இரண்டிலும் நெருங்கிய ஜோடிகள் எத்தனை தேறும்? 25-ஐ 152-ஆல் பெருக்கி 4,560-ஆல் வகுத்தால் 0.83. ஒரு ஜோடிகூட முழுசாகத் தேறாது. நாக்ஸ் எண்ணிப் பார்த்தபோது கிடைத்தது ஐந்து.

இந்தக் கணக்கின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை. எந்த ஊரில் எத்தனை குழந்தைகள் வாழ்கிறார்கள் என்ற மக்கள்தொகைக் கணக்கே இதற்கு வேண்டாம். நோயுற்ற குழந்தைகளையே ஒருவரோடொருவர் ஒப்பிட்டு முடித்துவிடலாம். கணினி எளிதில் கிடைக்காத காலத்தில் இது பெரிய விடுதலை.

ஆனால் ஒரு முள் உள்ளே இருந்தது. ஏன் 60 நாள்? ஏன் 90 இல்லை? ஏன் ஒரு கி.மீ., ஏன் இரண்டு இல்லை? எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதை நோய் சொல்லவில்லை, நாக்ஸ் சொன்னார். கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் ஐந்து மூன்றாகலாம், ஏழாகவும் ஆகலாம். 1967-ல் நேதன் மேன்டல் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர், எல்லைக்கோடே வேண்டாம், ஜோடிகளின் தூரத்தையும் இடைவெளியையும் அப்படியே கணக்கில் சேர்க்கலாம் என்று வழி சொன்னார். பிறகு பல நாடுகளில் பலர் நாக்ஸ் சோதனையைச் செய்து பார்த்தார்கள். சிலருக்குக் கொத்து தென்பட்டது, பலருக்கு இல்லை.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் வேறு விதமான களைப்பு. சிகாகோ அருகே நைல்ஸ் என்ற புறநகரில் 1957-க்கும் 1960-க்கும் இடையே எட்டுக் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதை ஆராய்ந்த கட்டுரை 1963-ல் வெளியாயிற்று. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையத்துக்கு அதுபோல் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. 1961 முதல் 1982 வரை 108 புற்றுநோய்க் கொத்துகளை அவர்கள் போய்ப் பார்த்தார்கள். தெளிவான காரணம் என்று ஒன்றுக்கும் கைகாட்ட முடியவில்லை.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. டெக்சாஸ்காரன் ஒருவன் தன் களஞ்சியத்தின் சுவரைப் பார்த்துக் கண்டபடி சுட்டானாம். சுட்டு முடித்து, குண்டுகள் நெருக்கமாகப் பாய்ந்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து, நடுவில் புள்ளி வைத்து, 'பார், என் குறி!' என்றானாம். நோயுற்ற நான்கு வீடுகளைப் பார்த்த பிறகு அந்த நான்கையும் சுற்றி எல்லை போட்டால் அந்தப் பகுதியில் நோய் அதிகமாகத்தான் இருக்கும். அதற்குப் புள்ளியியல் எதற்கு? வட்டத்தை முதலில் வரைய வேண்டும், பிறகு சுட வேண்டும். சொல்வது எளிது. குழந்தைகள் நோயுறும் வரை எந்தத் தெருவில் வட்டம் போடுவது என்று யாருக்குத் தெரியும்?

*

கம்பிரியா கடற்கரையில் சீஸ்கேல் என்று ஒரு சிற்றூர். விக்டோரியா காலத்தில் ரயில் வந்தபோது அதை ஒரு கடற்கரைச் சுற்றுலா ஊராக ஆக்கப் பார்த்தார்கள், பெரிதாக எடுபடவில்லை. 1940-களின் கடைசியில் வடக்கே சுமார் 3 கி.மீ. தொலைவில் விண்ட்ஸ்கேல் அணுநிலையம் எழுந்தது. அதன் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் குடும்பத்தோடு வந்து சீஸ்கேலில் குடியேறினார்கள். 1957 அக்டோபரில் விண்ட்ஸ்கேல் உலை ஒன்று தீப்பிடித்து எரிந்தது உலகப் பிரசித்தம். 1981-ல் நிலையத்தின் பெயர் செல்லாஃபீல்டு என்று மாறியது. ஊரின் மக்கள்தொகை சுமார் 2,000.

1983 நவம்பர் 1 அன்று யார்க்‌ஷயர் டெலிவிஷன் 'விண்ட்ஸ்கேல்: அணுச் சலவைக்கூடம்' என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. தயாரிப்பாளர் ஜேம்ஸ் கட்லர். அவர் நிலையத் தொழிலாளர்களின் உடல்நலத்தை விசாரிக்கத்தான் முதலில் போனார். போன இடத்தில் ஊர்க்காரர்கள் குழந்தைகளைப் பற்றிச் சொன்னார்கள். சுமார் முப்பது ஆண்டில் அந்தச் சின்ன ஊரில் குழந்தைகளும் இளையவர்களுமாக ஏழு பேருக்கு ரத்தப் புற்றுநோய்.

ஏழு என்பது அதிகமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 பேர் உள்ள ஊரில் 15 வயதுக்குட்பட்டவர்கள் 400 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சத்துக்கு நாலரை என்ற கணக்கில் ஆண்டுக்கு 0.018 பேர். முப்பது ஆண்டுக்கு 0.54. அதாவது அரைக் குழந்தை. வயது வரம்பைச் சற்று உயர்த்தினாலும் எதிர்பார்ப்பு ஒன்றைத் தாண்டாது. அங்கே ஏழு. 'தேசிய சராசரியைப் போல் பத்து மடங்கு' என்று படம் சொன்னது. அதே நவம்பரில் செல்லாஃபீல்டு கடலில் விட்ட கதிரியக்கக் கழிவு கரை ஒதுங்க, கடற்கரைக்குப் போகாதீர்கள் என்று அரசே எச்சரித்தது. ஊர் எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

அரசு சர் டக்ளஸ் பிளாக் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. ஏழை பணக்காரர்களிடையே உடல்நலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றி 1980-ல் அறிக்கை எழுதி தாட்சர் அரசைச் சங்கடப்படுத்திய அதே பிளாக்தான். ஆகவே ஆளுங்கட்சிக்குத் தலையாட்டுகிறவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. 1984 ஜூலையில் வந்த அறிக்கை இரண்டு பக்கமும் பேசியது. சீஸ்கேலில் எண்ணிக்கை அதிகம் என்பது உண்மை. ஆனால் வட இங்கிலாந்தில் இதுபோல் அதிகமுள்ள இடங்கள் வேறும் உண்டு, சீஸ்கேல் மட்டும் தனித்து நிற்கவில்லை. மேலும், நிலையத்திலிருந்து வெளியானதாகச் சொல்லப்பட்ட கதிர்வீச்சு இந்த எண்ணிக்கையை விளக்கப் போதவே போதாது.

'சொல்லப்பட்ட' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். அறிக்கை வந்த பிறகு, 1950-களில் அங்கிருந்து வெளியேறிய யுரேனியத்தின் அளவு குழுவுக்குக் கொடுத்த கணக்கைவிடப் பல மடங்கு என்று தெரியவந்தது. பிளாக் பரிந்துரையால் 1985-ல் அமைந்த கதிர்வீச்சு மருத்துவ ஆலோசனைக் குழு (சுருக்கமாக 'கோமரே') புதிய அளவை வைத்து மறுபடி கணக்குப் பார்த்து, அப்போதும் போதாது என்றே சொன்னது. இருக்கலாம். ஆனால் ஒரு முறை தவறான கணக்கைக் கொடுத்தவர்களை ஊர் அடுத்த முறை நம்பாது. இந்தத் துறையில் பாதிச் சிக்கல் சூத்திரத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

*

பிளாக் விட்டுச்சென்ற கேள்வி இது: ஆயிரம் ஊர் உள்ள ஒரு வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊர் முதலிடத்தில் இருந்தே தீரும். சீஸ்கேல் அப்படித் தற்செயலாக முன்னால் வந்த ஊரா, இல்லையா?

இதைக் கையில் எடுத்தவர் மருத்துவரும் அல்ல, அணு விஞ்ஞானியும் அல்ல. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் ஸ்டான் ஓப்பன்ஷா. எல்லைக்கோடுகள் மீது அவருக்கு ஏற்கெனவே பெரிய அவநம்பிக்கை உண்டு. 1979-ல் அவரும் பீட்டர் டெய்லரும் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தின் 99 மாவட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். முதியோர் விழுக்காடும் குடியரசுக் கட்சி வாக்கும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று பார்த்தார்கள். அந்த 99-ஐயே பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களாக இணைத்துப் பெரிய பகுதிகளாக்கும்போது, எதை எதோடு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒட்டுறவு எண் கிட்டத்தட்ட -1 முதல் +1 வரை எங்கு வேண்டுமானாலும் போனது. தரவு ஒன்றே, எல்லை மட்டும் வேறு. தொகுதி மறுவரையறை என்றால் நம் அரசியல்வாதிகளுக்குத் தூக்கம் கெடுவது ஏன் என்று இதிலிருந்தே புரியும்.

எனவே வார்டு, மாவட்டம் என்ற அரசாங்கக் கோடுகளை ஓப்பன்ஷா தூக்கி எறிந்தார். 1987-ல் 'புவியியல் ஆய்வு எந்திரம்' என்று ஒன்றை அறிவித்தார். பெயரைக் கேட்டு இரும்பு எந்திரம் என்று நினைக்க வேண்டாம், அது ஒரு கணினி நிரல். அதன் வேலை மூர்க்கமானது. வட இங்கிலாந்தின் வரைபடத்தின் மேல் ஒரு கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடு. கொஞ்சம் நகர்ந்து, முந்தையதன் மேலேயே படியும்படி இன்னொரு வட்டம் போடு. இப்படி முழு வட்டாரத்தையும் மூடிவிட்டு, இரண்டு கி.மீ. ஆரத்தில் மறுபடி தொடங்கு. அப்படியே 20 கி.மீ. வரை. மொத்தம் லட்சக்கணக்கான வட்டங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை குழந்தைகள் வாழ்கிறார்கள், 1968-க்கும் 1985-க்கும் இடையே எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எண்ணு. இத்தனை குழந்தைகளில் இத்தனை நோயாளிகள் தற்செயலாக வருவது ஐந்நூறில் ஒரு தடவைக்கும் அரிது என்றால் அந்த வட்டத்தைத் தாளில் அச்சிடு, இல்லையேல் விட்டுவிடு.

டெக்சாஸ்காரனுக்கு இது நேர் பதில். எந்த இடத்தையும் முன்கூட்டிச் சந்தேகிக்காமல், எல்லா இடத்தையும் சமமாகச் சந்தேகிப்பது. நோயாளிகளின் பட்டியல் சும்மா வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூகாசிலின் குழந்தை மருத்துவர் ஆலன் கிராஃப்ட்டும் சகாக்களும், 1968 முதல் அந்த வட்டாரத்தில் புற்றுநோய் கண்ட குழந்தைகளைப் பதிவேட்டில் ஏற்றிவந்திருந்தார்கள். அந்தப் பதிவேடு இல்லாமல் எந்திரத்துக்கு அரைக்க மாவே இல்லை. புள்ளியியல் வரலாறுகளில் குமாஸ்தாக்களின் பெயர் வருவதில்லை. இந்தத் தொடரிலும் நான் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியாயிற்று. வரைபடத்தில் இரண்டு இடத்தில் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. ஒன்று சீஸ்கேல். அணுவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்படாத எந்திரம் தானாகவே அங்கே போய் நின்றது. இன்னொன்று, நாட்டின் மறுகரையில், டைன் ஆற்றங்கரைத் தொழில்நகரமான கேட்ஸ்ஹெட். அங்கே அணுநிலையம் கிடையாது. எந்தத் தொலைக்காட்சியும் போய்ப் பார்த்ததில்லை. அந்த ஊர்க்காரர்கள் யாரும் முறையிட்டதாகவும் பேச்சில்லை.

கட்லரின் படம் சொன்னதை எந்திரம் ஆமோதித்தது, கூடவே குழப்பியும் விட்டது. சீஸ்கேலுக்கு அணு என்றால் கேட்ஸ்ஹெட்டுக்கு என்ன?

புள்ளியியலாளர்கள் ஓப்பன்ஷா மேல் பாய்ந்தார்கள். பாய்ந்ததில் நியாயமும் இருந்தது. ஐந்நூறில் ஒன்று என்ற வலையை ஐந்து லட்சம் வட்டத்தின் மேல் வீசினால், ஒன்றுமே இல்லாத வரைபடத்திலும் ஆயிரம் வட்டம் மாட்டலாம். போதாக்குறைக்கு வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. ஒரே நான்கு குழந்தைகள் நூறு வட்டத்தில் திரும்பத் திரும்ப எண்ணப்படுவார்கள், தாளில் ஒரு பெரிய கறுப்புத் திட்டு விழும், பார்க்கிறவர் பயந்துபோவார். எல்லா இடத்திலும் தேடியதுதான் ஓப்பன்ஷாவின் பலம், அதுவேதான் பலவீனமும்.

1991-ல் ஜூலியன் பெசாக், ஜேம்ஸ் நியூவெல் இருவரும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். வட்டத்தின் அளவை நிர்ணயிக்காதே, நோயாளிகளின் எண்ணிக்கையை நிர்ணயி. ஒரு குழந்தையின் வீட்டில் நின்றுகொண்டு, இன்னும் நான்கு நோயாளிகள் அகப்படும் வரை வட்டத்தை விரித்துக்கொண்டே போ. அதற்குள் எத்தனை குழந்தைகள் வாழ்கிறார்கள் என்று பார். மிகச் சிலருக்குள்ளேயே நான்கு பேர் கிடைத்துவிட்டால் சந்தேகப்படு. வட்டங்களின் எண்ணிக்கை ஒரே அடியில் சுருங்கியது.

சிக்கலை முழுசாக அவிழ்த்தவர் ஸ்வீடன்காரரான மார்ட்டின் குல்டோர்ஃப். நெவில் நாகர்வாலாவுடன் 1995-லும், தனியாக 1997-லும் அவர் எழுதிய கட்டுரைகளின் சாரத்தை ஒரு பள்ளிக்கூட உதாரணத்தால் சொல்லிவிடலாம். உங்கள் வகுப்பில் ஆக உயரமான பையனைப் பார்த்து 'இவன் அசாதாரண உயரமா?' என்று கேட்கிறோம். அவனை மற்ற பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிடுவது அநியாயம். ஆக உயரமானவன் என்று பொறுக்கி எடுத்ததே நாம்தானே! வேறு 999 வகுப்புகளுக்குப் போய், அங்கங்கே ஆக உயரமான பையனைக் கூப்பிட்டு, அவர்களோடு நிறுத்திப் பார்க்க வேண்டும்.

குல்டோர்ஃப் அதையேதான் செய்தார். வரைபடம் முழுதும் எல்லா அளவிலும் வட்டத்தை ஓட்டு. ஆகச் சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு வட்டத்தை எடுத்துக்கொள். பிறகு அதே மக்கள்தொகையில், அதே எண்ணிக்கை நோயாளிகளைக் கணினியால் தற்செயலாக 999 தடவை தெளி. நம் உளுந்து விளையாட்டுதான், மக்கள் அதிகமுள்ள இடத்தில் அதற்கேற்ப அதிகம் விழும் என்ற ஒரே வித்தியாசத்தோடு. ஒவ்வொரு தடவையும் ஆகச் சந்தேகமான வட்டத்தை எடு. உண்மை வரைபடத்தின் வட்டம் இந்த 999-ல் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மிஞ்சி நின்றால் மட்டுமே வாயைத் திற. எத்தனை லட்சம் வட்டம் போட்டோம் என்ற குற்றச்சாட்டு இதில் எழாது. தெளித்த வரைபடங்களிலும் அத்தனை வட்டமும் போட்டுத்தானே பார்த்திருக்கிறோம்.

'சாட்ஸ்கேன்' என்ற பெயரில் இந்த நிரல் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. குல்டோர்ஃபும் சகாக்களும் 1996-ல் ஸ்வீடனின் குழந்தை ரத்தப் புற்றுநோய்த் தரவு முழுவதையும், 1973 முதல் 1993 வரை, இந்தச் சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். கொத்து என்று சொல்லத்தக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்காகச் சல்லடையை முழுக்க நம்பிவிடவும் கூடாது. நாடு முழுவதையும் சலிக்கும்போது, மூன்று குழந்தைகள் மட்டுமே உள்ள உண்மையான சிறு கொத்து கண்ணில் படாமல் நழுவ முடியும்.

*

கொத்து உண்டா என்ற கேள்விக்கு இப்படி மெல்ல மெல்ல முறை பிறந்தது. ஏன் என்ற கேள்வி மட்டும் சீஸ்கேலிலேயே நின்றது.

1990 பிப்ரவரியில் சவுத்தாம்ப்டன் பேராசிரியர் மார்ட்டின் கார்ட்னர் ஒரு விடை சொன்னார். குழந்தை கருவாவதற்கு முன் தந்தை செல்லாஃபீல்டில் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு வாங்கியிருந்தால், குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறிலிருந்து எட்டு மடங்கு. நிலையத்தில் வேலை பார்த்த ஒவ்வொரு தந்தையின் தலையிலும் இடி விழுந்தது. ஆனால் அந்தப் பெரிய முடிவு நின்றது நான்கே நான்கு குழந்தைகளின் மேல். அந்தக் கதிர்வீச்சு வாங்கிய தந்தையரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் பிறந்தது சீஸ்கேலுக்கு வெளியே, சுற்றுவட்டாரத்தில். அங்கே நோய் அதிகமில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களின் பிள்ளைகளிடமும் இது தென்படவில்லை. இரண்டு குடும்பங்கள் நிலையத்தின் மேல் தொடுத்த வழக்கு 1993 அக்டோபரில் லண்டன் உயர்நீதிமன்றத்தில் தோற்றது. கார்ட்னர் அதற்குள் காலமாகியிருந்தார்.

இன்னொரு பாதையை லியோ கின்லென் 1988-லேயே போட்டிருந்தார். அவருடைய முறைதான் எனக்கு மிகப் பிடித்தது. சீஸ்கேலின் விசேஷம் அணுவாக இல்லாமல், ஒதுக்குப்புறக் கிராமத்தில் திடீரென்று வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்ததாக இருந்தால்? புதியவர்களும் பழையவர்களும் கலக்கும்போது ஏதோ ஒரு சாதாரணத் தொற்று சுற்றிவரும். அதன் அரிய பின்விளைவாக இந்த நோய் வரலாம். அப்படியானால் அணுவே இல்லாத, ஆனால் இதே போல் குடியேற்றம் நடந்த வேறோர் ஊரிலும் கொத்து இருந்தாக வேண்டும். கின்லென் முதலில் ஊரைத் தேர்ந்தார்: ஸ்காட்லாந்தில் புதிதாகக் கட்டப்பட்ட கிளென்ரோத்தஸ் நகரம். பிறகுதான் நோய்க் கணக்கைப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. பிறகு வட கடல் எண்ணெய்த் தொழிலாளர்களின் ஊர்கள், போர்க்காலத்தில் நகரத்துப் பிள்ளைகளை ஏற்ற கிராமங்கள் என்று அடுத்தடுத்து வட்டம் வரைந்தார். எல்லாம் சுடுவதற்கு முன் வரைந்த வட்டங்கள். 1999-ல் நியூகாசில் ஆய்வாளர்கள் இருவர், சீஸ்கேல் கொத்தின் கணிசமான பகுதியை இந்த மக்கள் கலப்பே விளக்கிவிடும் என்று கணக்கிட்டார்கள். ஒரே குறை, அந்தத் தொற்றுக் கிருமியை இன்றுவரை யாரும் பிடித்துக் காட்டவில்லை.

1989-ல் பவுலா குக்-மொஸாஃபரியும் சாரா டார்பியும் ரிச்சர்ட் டாலும் செய்தது இன்னும் குறும்பானது. அணுநிலையம் வரலாம் என்று யோசித்து இன்னும் கட்டாத இடங்களைச் சுற்றி வட்டம் போட்டார்கள். அங்கேயும் இளவயது ரத்தப் புற்றுநோய் மரணம் சற்று கூடுதலாகவே இருந்தது.

அணுப் பக்கம் சந்தேகமே இல்லை என்று இதோடு மூட்டை கட்டிவிட முடியாது. ஜெர்மனியில் 2007 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியானது. 16 அணுநிலையங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி 5 கி.மீ., ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், 1980 முதல் 2003 வரை என்று எல்லாவற்றையும் முன்பே எழுதிவைத்துவிட்டு எண்ணினார்கள். எதிர்பார்த்தது 17, கிடைத்தது 37. வெளியாகும் கதிர்வீச்சின் அளவு இதை விளக்காது என்றும் அதே ஆய்வாளர்களே எழுதினார்கள். இரண்டு வாக்கியமும் ஒரே அறிக்கையில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுகிறவரைக் கண்டால் ஜாக்கிரதையாக இருங்கள்.

சீஸ்கேலுக்கே திரும்புவோம். பிளாக் அறிக்கைக்குப் பின் வந்த ஆண்டுகளிலும் அங்கே புற்றுநோய் கூடுதலாகவே இருந்தது என்று 1993-ல் தெரிந்தது. வட்டம் ஏற்கெனவே வரைந்தாகிவிட்டது, பிறகு விழுந்த குண்டுகளும் அதற்குள்ளேயே விழுந்தன. வெறும் தற்செயல் என்ற வாதம் என்னளவில் அங்கே முடிந்துபோயிற்று. கோமரே குழுவும் 1996-ல் இது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்றே சொன்னது. 2016-ல் அதே குழு மறுபடி கணக்கைப் பார்த்தபோது, 1991-க்குப் பின் சீஸ்கேலில் கூடுதல் இல்லை. முதலில் வந்த ஏழு பேருக்கு என்ன காரணம் என்று எந்தக் குழுவும் இன்னும் முடித்துச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் நகரம். அங்கே ஒரு தாய் குடிதண்ணீர்க் கிணறுகளின் மேல் சந்தேகப்பட்டார், அவர் சந்தேகம் வீண்போகவில்லை. அதற்குள் உளுந்து வீசிப் பார்ப்பவர்கள், எத்தனை கட்டம் காலியாக இருந்தது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்.

(தொடரும்)